அறியும் கருவியும் ஓட்டும் கருவியும்

பழுதுபட்ட யந்திரம் ஒன்றைப் பிரித்து, தேய்ந்த பாகத்தை மாற்றிச் சீர்செய்வது கைத்திறனும் பொறுமையும் உள்ளவர்களுக்கு எளிதான காரியமே. ஆனால் தனித்தனியே யாதொரு குறையுமில்லாத இரண்டு யந்திரங்கள், ஒன்றோடொன்று இணைக்கப்பட்ட கணத்திலிருந்து வேலை செய்ய மறுக்குமானால், எதைப் பிரிப்பது, எதை மாற்றுவது என்று தெரியாமல் கைதேர்ந்தவர்களும் திகைத்து நிற்க நேர்கிறது. சிறிய விமானங்களை வைத்திருப்பவர்களுக்கு இந்தத் திகைப்பு நன்கு பழக்கமானது. பூமியின் எந்த இடத்துக்கு மேலே பறந்துகொண்டிருக்கிறோம் என்பதைச் சில மீட்டர் துல்லியத்தில் சொல்லும் ஜி.பி.எஸ். கருவி முகப்புப் பலகையில் ஒளிர்ந்துகொண்டிருக்கிறது. விமானியின் கைபடாமலே சிறகுகளைச் சமமாக வைத்திருக்கவும், வேண்டும்போது திருப்பவும் வல்ல ஆட்டோபைலட் என்னும் தானியங்கி ஓட்டி அதன் கீழேயே பொருத்தப்பட்டிருக்கிறது. முன்னது வழியை அறிகிறது. பின்னது விமானத்தை நடத்துகிறது. இவ்விரண்டையும் இணைத்துவிட்டால் விமானம் தானே வழியறிந்து செல்லும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு. ஆயினும் இணைத்த பிறகு ஆட்டோபைலட் தனக்குச் செய்தி எதுவும் வரவில்லை என்று அறிவிக்கிறது. அல்லது செய்தி வந்தும் வேறு திசையில் போகிறது. அல்லது அரை மணி நேரம் ஒழுங்காகச் சென்றுவிட்டு, காரணம் எதுவும் புலப்படாமல் பாதையைக் கைவிட்டுவிடுகிறது.

இத்தகைய சங்கடங்களை மிக நெருக்கமாக அறிந்தவர்கள், தம் வீட்டுக் கொட்டகைகளிலேயே விமானம் கட்டிக்கொள்ளும் அமெரிக்கர்கள். ஒரு விமானத்தின் பெரும்பகுதி வேலையைத் தம் கல்விக்காகவும் பொழுதுபோக்குக்காகவும் தாமே செய்தவர்களுக்கு, அதைச் சோதனை விமானம் என்ற வகையில் பதிவு செய்து பறக்க அந்நாட்டுச் சட்டம் இடம் தருகிறது. 1953-ஆம் ஆண்டில் மில்வாக்கி நகரில் பால் போபரெஸ்னி என்பவர் தொடங்கிவைத்த சோதனை விமானச் சங்கம், அவர்களை ஆண்டுதோறும் கோடையில் ஆஷ்காஷ் என்னும் ஊரில் பெருந்திரளாகக் கூடச் செய்கிறது. தொழிற்சாலையில் உருவான விமானத்தின் கம்பிகளை அதன் சொந்தக்காரர் ஆயுள் முழுவதும் பாராமலே இருந்துவிடலாம். கொட்டகையில் கட்டியவரோ ஒவ்வொரு கம்பியையும் தாமே வெட்டி, தாமே முனைகட்டிச் செருகியவர். ஆகவே விமான மின்னணுவியலில் மறைவாகக் கிடக்கும் உண்மைகள் பலவும் அத்தகையவர்களின் மேஜைமீதுதான் வெளிச்சத்துக்கு வருகின்றன.

இரு கருவிகளில் மூத்தது ஆட்டோபைலட். 1914-ஆம் ஆண்டு ஜூன் மாதம், பாரிஸ் நகருக்கு அருகே பெஸான் என்னுமிடத்தில், ஸேன் நதிக்கு மேலே ஒரு கர்ட்டிஸ் நீர்விமானம் பறந்து வந்தது. அதைச் செலுத்தியவர் லாரன்ஸ் ஸ்பெர்ரி என்னும் 21 வயது இளைஞர். கரையில் நின்ற நடுவர்களுக்குத் தெரியும்படி அவர் இரு கைகளையும் உயரத் தூக்கினார். அவருடைய துணைவரான யந்திர வல்லுநர் எமில் கஷேன் இருக்கையை விட்டு எழுந்து கீழ்ச்சிறகின்மீது நடந்து சென்றார். ஒரு பக்கம் பாரம் கூடியபோதும் விமானம் கவிழவில்லை. வேகமாகச் சுழலும் ஜைரோஸ்கோப்புகள் சாய்வை உணர்ந்து, எய்லரான் என்னும் அசையும் மடல்களைத் தாமே திருப்பிச் சமன் செய்தன. சுழலும் சக்கரம் தன் அச்சின் திசையை விட்டுக்கொடுக்காமல் இருக்க முயலும் என்ற இயற்கை விதியே இதற்கு ஆதாரம். 1933-இல் வைலி போஸ்ட் உலகத்தைத் தனியொருவராக 7 நாள் 18 மணி 49 நிமிடத்தில் விமானத்தில் சுற்றிவந்தபோது, ஸ்பெர்ரி நிறுவனத்தின் ஆட்டோபைலட்டையே துணைக்கு வைத்திருந்தார். தங்கிய இடங்கள் சிலவற்றில் அதைப் பழுதுபார்ப்பதிலேயே அவருடைய அருமையான நேரம் கழிந்தது. ஆட்டோபைலட்டின் வரலாறும் அதைச் சீர்செய்வதன் வரலாறும் தொடக்கத்திலிருந்தே சேர்ந்து வந்திருக்கின்றன.

இக்காலத்துச் சிறிய விமானத்தில் சுழலும் சக்கரத்துக்குப் பதிலாக, விரல்நுனியளவேயுள்ள சிலிக்கன் துண்டு ஒன்று திரும்பும் வேகத்தை அளக்கக்கூடும். எய்லரானை இழுப்பதற்கு சர்வோ என்னும் சிறு மோட்டார் சிறகிலோ இருக்கைக்கு அடியிலோ பொருத்தப்பட்டிருக்கும். விமானி பலங்கொண்டு பிடித்தால் வழுக்கிக்கொடுக்கும்படி அதன் பிடி அமைக்கப்பட்டிருக்கும். கைப்பிடியிலுள்ள பொத்தானை அழுத்தினால் அது முழுவதும் விலகிவிடும். இவ்வளவு திறமையிருந்தும், இந்தக் கருவிக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பது தெரியாது. சாய்வையும் திருப்பத்தையும் உயரத்தையும் அது அறியும். கீழே இருப்பது வயலா, மலையா, கடலா என்பது அதன் அறிவுக்கு எட்டாதது.

அந்தக் குறையை நிரப்ப வந்ததே ஜி.பி.எஸ். பூமிக்கு மேலே ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் செயற்கைக்கோள்கள் தத்தம் அணுக் கடிகாரங்களின் நேரத்தை இடைவிடாமல் ஒலிபரப்புகின்றன. நேர்மேலே இருக்கும் கோளிலிருந்து புறப்பட்ட அலை நம்மை வந்தடைய ஒரு விநாடியின் பதினைந்தில் ஒரு பங்கு ஆகிறது. அலை ஒரு நானோ விநாடியில் 30 சென்டிமீட்டர் செல்வதால், தாமதத்தை நுட்பமாக அளந்தால் தூரம் கிடைத்துவிடும். நான்கு கோள்களின் தூரம் தெரிந்தால், நம்முடைய இடம், உயரம், நம் கடிகாரத்தின் பிழை ஆகியவை அனைத்தும் கணக்கில் விழுந்துவிடும். ஐந்தாவது கோளும் கண்ணுக்குத் தெரிந்தால், ஏதோ ஒன்று பொய் சொல்கிறது என்பதைக் கண்டுகொள்ளலாம். ஆறாவதும் இருந்தால் பொய் சொல்வது எது என்று பொறுக்கி நீக்கிவிடலாம். விமானங்களுக்கென்று அங்கீகரிக்கப்பட்ட கருவிகள் இந்த விசாரணையை ஓயாமல் நடத்திக்கொண்டே இருக்கின்றன. தம் கணக்கில் தமக்கே நம்பிக்கை குறைந்தால் எச்சரிக்கைக் குறியை உயர்த்திவிடுகின்றன. அப்போது ஆட்டோபைலட் பாதையைக் கைவிடுவது கோளாறாகாது. நேர்மையான இரு கருவிகள் தம் கடமையைச் செய்ததாகவே அதைக் கொள்ளவேண்டும்.

ஜி.பி.எஸ்.ஸின் அறியாமையையும் இங்கே சொல்லவேண்டும். விமானம் எந்தப் பக்கமாக நகர்கிறது என்பதை அது அறியும். விமானத்தின் மூக்கு எந்தப் பக்கம் நோக்கியிருக்கிறது என்பதை அறியாது. மணிக்கு 100 கடல்மைல் வேகத்தில் செல்லும் விமானத்தின்மேல் 20 கடல்மைல் வேகத்தில் குறுக்குக்காற்று வீசுமானால், நேர்ப்பாதையில் செல்வதற்கு மூக்கைக் காற்றின் பக்கமாக 11 பாகைக்கு மேல் திருப்பிப் பிடிக்கவேண்டும். அந்த வித்தியாசம் ஜி.பி.எஸ்.ஸுக்குப் புலப்படுவதில்லை. விமானம் ஓடாமல் நிற்கும்போதோ, நகர்வே இல்லாததால் திசை என்பதே அதற்கு இல்லாமற்போகிறது. கொட்டகைக்கு உள்ளே இரண்டையும் இணைத்துவிட்டு, ஆட்டோபைலட் பாதையைப் பிடிக்கவில்லையே என்று இரவெல்லாம் கம்பிகளை அவிழ்த்துப் பார்ப்பவர், விமானத்தை வெளியே கொண்டுபோய்ச் சிறிது தூரம் ஓட்டிப்பார்த்தால், தேடிய குற்றம் எங்குமே இல்லை என்பதைக் காணக்கூடும்.

இனி இரண்டுக்கும் இடையே செல்லும் செய்தியின் இயல்பைப் பார்க்கலாம். விஷயத்தின் உயிர்நிலை இங்கேதான் இருக்கிறது.

பழைய முறையில் செய்தி என்பது ஒரு சிறிய மின்னழுத்தமே. விலகலைக் காட்டும் முள் ஒரு பக்கக் கோடிவரை செல்வதற்கு 150 மில்லிவோல்ட் போதும். வலப்பக்கம் என்றால் ஒரு குறி, இடப்பக்கம் என்றால் எதிர்க்குறி. அதே அழுத்தத்தை ஆட்டோபைலட்டும் வாங்கிக்கொண்டு, முள்ளை நடுவில் நிறுத்தும்படி விமானத்தைத் திருப்புகிறது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பழைய தலைமுறை ஜி.பி.எஸ். கருவிகளில், நெடுவழியில் செல்லும்போது முள்ளின் முழு வீச்சுக்கு 5 கடல்மைல் விலகல் என்று அர்த்தம், விமான நிலையத்தை நெருங்கியதும் அதே வீச்சு 1 கடல்மைலைக் குறிக்கும், இறங்குமுகத்தில் 0.3 கடல்மைலை. ஆட்டோபைலட்டுக்கு வந்துசேர்வதோ மில்லிவோல்ட் மட்டும். பொதுவான திரும்புகம்பி ஒன்றில் வேறொரு கருவியின் மின்னோட்டமும் கலந்து வெறும் 10 மில்லிவோல்ட் பிழை நேர்ந்துவிட்டால், நெடுவழியில் விமானம் ஏறத்தாழ 600 மீட்டர் தள்ளி, பாதைக்கு இணையாக, சிறிதும் தடுமாறாமல் பறந்துகொண்டிருக்கும். வரைபடத்தின் கோடு ஒரு பக்கமும் விமானம் மறுபக்கமுமாக, இடைவெளி கூடாமலும் குறையாமலும் செல்வதைக் காணும் விமானி, தன் ஜி.பி.எஸ். பொய்க்கிறது என்று எண்ணுவது இயல்பு. அங்கே குற்றவாளி ஒரு திருகாணியின் கீழ்ப் படிந்த துருவாகவே இருக்கக்கூடும்.

இரண்டாவது முறையில் செய்தி எழுத்து வடிவம் பெறுகிறது. கப்பல்களின் மின்னணுக் கருவிகளுக்காக 1980-களில் வகுக்கப்பட்ட ஓர் ஒழுங்கு, சிறிய விமானங்களுக்கும் வந்து நிலைபெற்றுவிட்டது. டாலர் குறியில் தொடங்கி, இருக்குமிடம், வேகம், செல்லும் திசை, அடுத்த இலக்கின் பெயர், பாதையிலிருந்து விலகிய தூரம் ஆகியவற்றைக் காற்புள்ளியிட்டு வரிசையாகக் கூறி, இறுதியில் பிழைகாண உதவும் ஒரு சரிபார்ப்பு எண்ணோடு முடியும் வாக்கியங்களாக அந்தச் செய்தி ஒற்றைக் கம்பியில் ஓடுகிறது. விநாடிக்கு 4,800 துகள் (பிட்) என்பது அதன் வழக்கமான வேகம். ஓர் எழுத்துக்குத் தொடக்கத்துகளும் முடிவுத்துகளும் உட்படப் பத்துத் துகள் வேண்டுமாதலால், விநாடிக்கு 480 எழுத்துக்களே போகமுடியும். விமானக் கருவிகளுக்கென்றே ஏற்பட்ட இன்னொரு எழுத்து முறை உண்டு. அது 9,600 துகள் வேகத்தில் செல்வது. ஒன்றை அனுப்பும் கருவியோடு மற்றொன்றை எதிர்பார்க்கும் கருவியை இணைத்துவிட்டால், பாடகர் ஒரு காலத்தில் பாட மிருதங்கக்காரர் அதற்கு இரட்டிப்புக் காலத்தில் வாசிப்பது போல், இருவரும் வித்துவான்களாயிருந்தும் கச்சேரி நடைபெறாது. ஒரு துகள் 208 மைக்ரோ விநாடி நீடிக்கும் என்று ஒரு பக்கமும், 104 மைக்ரோ விநாடிதான் என்று மறுபக்கமும் எண்ணிக்கொண்டிருக்க, வந்து விழும் ஒவ்வோர் எழுத்தையும் குப்பை என்று ஆட்டோபைலட் ஒதுக்கிவிடுகிறது. அமைப்புப் பக்கத்தில் ஓர் எண்ணை மாற்றுவதே இதற்குச் சிகிச்சை. ஆயினும் அங்கே போய்ப் பார்க்கவேண்டும் என்று தோன்றுவதற்கு முன்னால் எத்தனையோ கம்பிகள் அநியாயமாக அறுக்கப்பட்டிருக்கின்றன.

மூன்றாவது, பெரிய விமானங்களிலிருந்து இறங்கிவந்த ஆரிங்க் 429 என்னும் முறை. முறுக்கிய இரு கம்பிகளில், 32 துகள் கொண்ட சொற்களாகச் செய்தி செல்கிறது. ஒவ்வொரு சொல்லின் தலையிலும் அது எதைப் பற்றியது என்பதைக் கூறும் ஓர் அடையாள எண் இருக்கும். 121 என்னும் அடையாளம் தாங்கிய சொல் வருமானால், இத்தனை பாகை சாய்ந்து திரும்பு என்பது அதன் கட்டளை. முள்ளின் அழுத்தத்தை நம்பிய ஆட்டோபைலட், பாதையை விட்டு விலகிய பிறகே விலகலை அறியும்; சாய்வுக் கட்டளையைப் பெறும் ஆட்டோபைலட்டோ, வரவிருக்கும் திருப்பத்தைக் காற்றின் வேகத்தோடும் சேர்த்து முன்கூட்டியே கணக்கிட்ட ஜி.பி.எஸ்.ஸின் அறிவு முழுவதையும் பெறுகிறது. இந்த முறையிலும் விநாடிக்கு 12,500 துகள், 1,00,000 துகள் என்று இரண்டு வேகங்கள் உண்டு. இரு கம்பிகளும் இடம் மாறிவிட்டால் ஒரு சொல்கூடப் புரியாது. எனக்கு இந்த முறையிடம் மிகுந்த மதிப்பு உண்டு. அனுப்புபவர் ஒருவரே, கேட்பவர்கள் இருபது பேர்வரை, கேட்பவர் எவரும் குறுக்கே பேசமுடியாது என்ற அதன் கட்டுப்பாடு, உயிர்களைச் சுமந்து செல்லும் யந்திரத்துக்கு மிகவும் பொருத்தமானது.

இவ்வளவும் தெரிந்துகொண்டால், கோளாறைத் தேடுவது எங்கே தொடங்கவேண்டும் என்பதும் தெளிவாகும். கருவியைக் கழற்றுவதில் தொடங்கக்கூடாது. கோளாறே இல்லாமலிருக்கும் சாத்தியத்தில் தொடங்கவேண்டும். ஜி.பி.எஸ்.ஸில் செல்லவேண்டிய இலக்கு எதுவும் குறிக்கப்படாதிருந்தால், அது தன் இருப்பிடத்தைச் சொல்லிக்கொண்டிருக்குமே தவிர வழிநடத்தும் கட்டளை எதையும் தராது. தருவதற்கு அதனிடம் ஒன்றுமில்லை. செஸ்னா 172 விமானங்கள் பலவற்றில் காணப்படும் கே.ஏ.பி. 140 என்னும் ஆட்டோபைலட், சாதாரணத் திசைகாட்டியோடு மட்டும் இணைக்கப்பட்டிருக்கும்போது, செல்லவேண்டிய பாதையின் திசையை விமானி கையால் சுழற்றிவைக்கும் திசைக்குறியிலிருந்தே அறிந்துகொள்கிறது. குறியைத் திருப்ப மறந்துவிட்டால், ஜி.பி.எஸ். எவ்வளவு செம்மையாக இருந்தாலும் விமானம் பாதையில் பொருந்தாது. இன்னும் பல விமானங்களில், முள்ளுக்கும் ஆட்டோபைலட்டுக்கும் செல்லும் செய்தி ஜி.பி.எஸ்.ஸிலிருந்து வரவேண்டுமா, தரையிலுள்ள வானொலி நிலையத்திலிருந்து வரவேண்டுமா என்பதை ஒரு பொத்தான் தீர்மானிக்கிறது. அது எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பாராமல் செய்யும் சோதனை அத்தனையும் வீண்.

ஒரு பொத்தானின் நிலைக்கு இவ்வளவு முக்கியத்துவம் தருவது மிகை என்று நினைப்பவர்கள் 1983-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாளை நினைவுகூரவேண்டும். அங்கரேஜிலிருந்து ஸியோலுக்குப் புறப்பட்ட கொரியன் ஏர் லைன்ஸ் நிறுவனத்தின் 007 எண்ணுள்ள போயிங் 747 விமானம் பாதையை விட்டுப் பல நூறு கிலோமீட்டர் விலகி ஸோவியத் வானத்துக்குள் சென்று, ஸக்கலின் தீவருகே சுட்டு வீழ்த்தப்பட்டது. 269 பேர் மாண்டனர். வழியறியும் கருவிகள் அந்த விமானத்தில் செம்மையாகவே இருந்தன. பதிவுக் கருவிகள் பின்னர் கிடைத்து, சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் 1993-இல் வெளியிட்ட அறிக்கை கண்ட முடிவு இது: புறப்பட்ட சிறிது நேரத்திலிருந்து ஆட்டோபைலட் ஒரே காந்தத் திசையைப் பிடித்துக்கொண்டே சென்றிருக்கிறது, வழியறியும் கருவியோடு அதை இணைக்கும் நிலைக்குக் குமிழ் திருப்பப்படவில்லை, அல்லது திருப்பப்பட்டபோது விமானம் பாதையிலிருந்து 7.5 கடல்மைலுக்கு மேல் விலகியிருந்தமையால் இணைப்பு நிகழவேயில்லை. வழியை அறிந்த கருவி அறிந்தபடியே இருந்தது; நடத்திய கருவி அதைக் கேட்கவில்லை. அந்தத் துயரம் நிகழ்ந்த அதே மாதத்தில், அமெரிக்க ஜனாதிபதி ரேகனின் அரசாங்கம், அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்த ஜி.பி.எஸ். அமைப்பு முடிவுற்றதும் சிவில் விமானங்களும் அதைப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. இன்று ஒரு சிறு விமானத்தின் பலகையில் அந்தக் கருவி இருப்பதற்கும் அந்த 269 பேருடைய மரணத்துக்கும் இத்தகைய சம்பந்தம் உண்டு என்பதை நான் ஒருபோதும் மறக்க முடிந்ததில்லை.

பொத்தானும் இலக்கும் சரியாயிருந்து, விமானம் ஓடும்போதும் செய்தி வரவில்லையென்றால், கம்பியைப் பார்க்கவேண்டியதுதான். எழுத்து முறையில் இணைந்த கருவிகளுக்கு ஒரு சாதாரண மல்டிமீட்டரே பெரும்பகுதி உண்மையைச் சொல்லிவிடும். முறைப்படி அமைந்த அனுப்பும் கம்பி, பேசாதிருக்கும்போது சில வோல்ட் எதிர்மின்னழுத்தத்தில் நிற்கும். பேசும்போது மீட்டரின் எண் நடுங்கும். ஜி.பி.எஸ். பக்கத்தில் அந்த நடுக்கம் தெரிந்து, கம்பியின் மறுகோடியில் தெரியாவிட்டால், கம்பி இடையில் அறுந்திருக்கிறது. இரு கோடியிலும் எதுவும் தெரியாவிட்டால், அனுப்பும் ஊசி என்று நினைத்துக் கேட்கும் ஊசியில் கம்பியைச் செருகியிருக்கக்கூடும், அல்லது அந்த வாயில் வழியே பேசும்படி கருவிக்குச் சொல்லப்படவில்லை. ஒன்றின் வாய் மற்றதன் காதோடு சேரவேண்டும் என்பது சொல்லும்போது எளிது. படங்களில் இரண்டு கருவிகளிலும் ஊசிகள் ஒரே பெயரோடு அச்சிடப்பட்டிருப்பதால், பெயரும் பெயரும் பொருந்தும்படி இணைத்து ஏமாறுகிறவர்கள் ஏராளம். இரு கருவிகளுக்கும் பொதுவான கிரவுண்ட் இல்லாமற்போவதும் அதே அளவுக்குச் சாதாரணம்: அழுத்தம் என்பது இரண்டு புள்ளிகளுக்கு இடையேயுள்ள வித்தியாசம், ஒரு புள்ளி மிதந்துகொண்டிருந்தால் மற்றதை அளக்க இயலாது. மீட்டர் நடுங்கியும் ஆட்டோபைலட் மௌனமாயிருந்தால், ஒரு மடிக்கணினியை அந்தக் கம்பியோடு இணைத்து வாக்கியங்களை நேரே படித்துவிடுவது உத்தமம். டாலர் குறியும் காற்புள்ளியும் தெளிவாகத் தெரிந்தால், ஜி.பி.எஸ்.ஸையும் கம்பியையும் குற்றத்திலிருந்து விடுவித்துவிடலாம். பொருளற்ற குறிகள் கொட்டுமானால், வேகப் பொருத்தத்தைப் பார்க்கவேண்டும்.

இவையெல்லாம் நிலையான கோளாறுகள். நிலையாக இருப்பதாலேயே பிடிபட்டுவிடுகின்றன. வந்து வந்து மறையும் கோளாறுதான் மனிதனின் பொறுமையைச் சோதிப்பது. கனெக்டரின் பின்புறத்திலிருந்து செருகிய ஊசி முழுவதும் பூட்டிக்கொள்ளாமல் நின்றுவிட்டால், தரையில் தொட்டுக்கொண்டிருந்து, ஆகாயத்தின் அதிர்விலே விலகும். ஒவ்வோர் ஊசியையும் செருகியபின் கம்பியை மெல்ல இழுத்துப் பார்ப்பது இதற்குத் தக்க காப்பு. ஆனால் மிகவும் வியப்பான ஒரு மறையும் கோளாறு, கனெக்டருக்கும் கம்பிக்கும் எட்டாத வேறோர் இடத்திலிருந்து வருகிறது. அதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

விமானி ஒரு குறிப்பிட்ட நிலையத்தோடு வானொலியில் பேசத் தொடங்குகிறார். பேச்சு நீண்டால், ஜி.பி.எஸ். தன் கோள்களை இழக்கிறது. ஆட்டோபைலட் பாதையைக் கைவிடுகிறது. பேச்சு முடிந்ததும் யாவும் சரியாகிவிடுகிறது. வேறு அலைவரிசையில் மணிக்கணக்காகப் பேசினாலும் எதுவும் நேர்வதில்லை. காரணம் பெருக்கல் வாய்பாட்டில் இருக்கிறது. ஜி.பி.எஸ்.ஸின் முதன்மை அலைவரிசை 1575.42 மெகாஹெர்ட்ஸ். எந்த ஒலிபரப்பியும் தன் அலைவரிசையோடு அதன் மடங்குகளையும், மிகச் சிறிய அளவிலாவது, வெளியிடாமல் இருப்பதில்லை. விமான வானொலியின் 121.175 மெகாஹெர்ட்ஸைப் பதின்மூன்றால் பெருக்குங்கள்: 1575.275. 131.275-ஐப் பன்னிரண்டால் பெருக்குங்கள்: 1575.3. இரண்டும் ஜி.பி.எஸ்.ஸின் வாசலிலேயே வந்து நிற்கின்றன. இந்தப் பதின்மூன்றாம் மடங்கு எவ்வளவு நலிந்ததாயிருந்தாலும், ஜி.பி.எஸ். அலை அதனினும் நலிந்தது. ஒரு வாட்டைக் கோடி பங்காக்கி, அந்தப் பங்கு ஒன்றை மறுபடியும் நூறு கோடியாகப் பகுத்தால் கிடைக்கும் சக்தியே விண்ணிலிருந்து ஆண்டெனாவை வந்தடைகிறது. வானொலியோ, ஒரு மீட்டர் தூரத்தில் பல வாட் சக்தியோடு முழங்குகிறது. ஆகவேதான் கருவி பொருத்துவோர், 121.150, 121.175, 121.200, 131.250, 131.275, 131.300 ஆகிய அலைவரிசைகளில் சிறிது நேரம் ஒலிபரப்பி, கோள்கள் மறைகின்றனவா என்று பார்ப்பதை ஒரு நியமமாகவே வைத்திருக்கிறார்கள்.

சில விமானங்களில் இந்தக் கதை இன்னும் ஒரு திருப்பம் கொள்கிறது. வானொலியை மாற்றிப் பார்த்தும், ஆண்டெனாக்களை விலக்கி வைத்தும் குறை தீராமல், கடைசியில் விமானத்தின் வால்பக்கத்தில் பேசாமல் உறங்கும் அவசரகால ஒலிபரப்பியின் ஆண்டெனாக் கம்பியைத் தரையில் நிற்கும்போது கழற்றிவிட்டுச் சோதித்ததும், குறை மாயமாக மறைகிறது. விபத்து நேர்ந்தால் மட்டும் கூவவேண்டிய அந்தக் கருவி 121.5 மெகாஹெர்ட்ஸுக்கு இசைவிக்கப்பட்டது. அருகிலிருந்து வரும் வானொலியின் வலுவான அலை அதன் ஆண்டெனா வழியே உள்ளே சென்று, அங்குள்ள குறைக்கடத்திகளில் உருத்திரிந்து, மடங்குகளாக மறுபடியும் வெளியேறுகிறது. மின்சாரமே ஏறாத ஒரு கருவி, தான் அறியாமலே இன்னொரு கருவியின் கண்ணை மறைக்கிறது! குறிப்பிட்ட அலைவரிசையை மட்டும் தடுக்கும் சிறு வடிகட்டி ஒன்றைப் பொருத்துவதாலோ, ஒலிபரப்பியை மாற்றுவதாலோ இது தீரும். மடங்குகளைப் பற்றி ஒரு கணிதப் பாடத்தில் படித்ததை நினைவில் வைத்திருந்தவர் மட்டுமே இந்தக் குற்றவாளியைப் பிடித்திருக்க முடியும் என்று எண்ணும்போது, அடிப்படை விஞ்ஞானத்தின்மேல் எனக்கு எப்போதும் புதிதாக ஒரு பக்தி உண்டாகிறது.

விமானம் பாதையைப் பிடித்தும், இடமும் வலமுமாக நெளிந்து நெளிந்து செல்லுமானால், அதைக் கம்பிக் கோளாறென்று தேடுவது பெரும்பாலும் பயனற்றது. சர்வோவை எய்லரானோடு சேர்க்கும் கயிறு தளர்ந்திருக்கலாம். மூட்டுகளில் ஆட்டம் இருக்கலாம். பிழையைத் திருத்தும் வேகத்தைக் குறிக்கும் அளவு அந்த விமானத்துக்கு மிகையாக வைக்கப்பட்டிருக்கலாம். ஜி.பி.எஸ். கட்டளையை நீக்கி, வெறும் திசையைப் பிடிக்கும்படி வைத்துப் பார்த்து, அப்போதும் நெளிந்தால் கட்டளை குற்றமற்றது. நிறைவேற்றும் உறுப்பையே சோதிக்கவேண்டும்.

சீர்செய்தபின் செய்யும் சோதனைப் பறப்புக்கும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலாவதாகத் தரையிலேயே, ஆட்டோபைலட்டை இயக்கி, கையால் பலங்கொண்டு அதை மீறமுடிகிறதா என்றும், விலக்கும் பொத்தான் உடனே விலக்குகிறதா என்றும் பார்த்துக்கொள்ளவேண்டும். இதில் ஐயம் சிறிதளவு இருந்தாலும் எழும்பக்கூடாது. பிறகு தெளிந்த வானிலையில், தாராளமான உயரத்தில், வெளியே பார்த்துக்கொண்டிருக்க இன்னொரு விமானி பக்கத்தில் இருக்கும்போது, குறித்த பாதையை இடப்பக்கத்திலிருந்து ஒரு முறையும் வலப்பக்கத்திலிருந்து ஒரு முறையும் குறுக்கே சென்று பிடிக்கச் சொல்லவேண்டும். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் சரியாகப் பிடித்தால், இடவலக் குறிகளில் எங்கோ பிழை எஞ்சியிருக்கிறது. குறுக்குக்காற்றுள்ள நாளாயிருந்தால் நல்லது. காற்றில்லாத நாளில் முகத்தின் திசையும் செல்லும் திசையும் ஒன்றாகிவிடுவதால், சில பிழைகள் ஒளிந்துகொள்ளும். பாதை நிலைத்தபின், முன்சொன்ன ஆறு அலைவரிசைகளிலும் யாரும் பேசாத நேரம் பார்த்துச் சிறிது சிறிது ஒலிபரப்பி, கோள்களின் வலிமைப் பட்டைகள் குறைகின்றனவா என்று கவனிக்கவேண்டும். இறங்கியபின், மாற்றிய ஊசியின் எண்ணையும் தேர்ந்த வேகத்தையும் கம்பிப் படத்திலும் விமானத்தின் பதிவேட்டிலும் அன்றைக்கே எழுதிவிட வேண்டும். அடுத்த முறை அந்தப் பலகையைத் திறப்பவர் வேறொருவராக இருக்கலாம்.